நிருவாகி உரிமையின்றித் தொலைநிலைப் பதிப்புக் கட்டுப்பாடு: தமிழாய்வுக் குழுக்களுக்கான ஒரு நடைமுறை

1. முன்னுரை

ஒரு நூலின் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிவது தமிழ்ப் பதிப்புலகிற்குப் புதியதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஊர்தோறும் அலைந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே அச்சுக்குக் கொடுத்தார் என்பதை நாம் அறிவோம். எந்தப் பாடம் எந்த ஏட்டில் உள்ளது என்னும் குறிப்பு இல்லாவிடின், எது சிறந்த பாடம் என்று முடிவு செய்வதற்கு அடிப்படையே இல்லாமற் போகும். இவ்வுண்மையை மாணவர்க்கு நாள்தோறும் கற்பிக்கும் நாம், நம்முடைய கணினிக் கோப்புகளின் வகையில் மட்டும் இதனை மறந்துவிடுகிறோம். ஓலையில் அடித்து எழுதிய பழைய எழுத்து, அடித்த கோட்டின்கீழ்ச் சற்றேனும் தெரியும். கணினியிலோ சேமிப்புப் பொத்தானை அழுத்திய மறுகணமே பழைய பாடம் சுவடின்றி மறைகிறது.

இக்கட்டுரையாளர் இடம்பெற்றிருந்த சிறு ஆய்வுக்குழு ஒன்றில் நேர்ந்ததை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். போருக்கு முந்திய மலாயாத் தமிழ் இதழ் ஒன்றிலிருந்து கவிதைகளை நால்வர் தட்டச்சு செய்து, கோப்புகளை மின்னஞ்சல்வழிப் பரிமாறிக்கொண்டோம். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ எனக் கோப்புகள் பெருகின. ஒருவர் மூல இதழை நேரிற்கண்டு, மங்கிய ஓர் அடியிலிருந்த சொற்களைத் திருத்தியிருந்தார். மற்றொருவர் தம்மிடமிருந்த பழைய கோப்பை அதன்மேல் சேமித்துவிட்டார். இதனை நாங்கள் கண்டறிந்தது ஓராண்டுக்குப் பின்னர். அதற்குள் அவ்விதழ் மேலும் சிதைந்து, பார்வைக்கு வழங்கப்படாத நிலையை அடைந்திருந்தது. திருத்தியவருக்கும் சொற்கள் நினைவில் இல்லை. ஒரு கவிஞரின் ஓரடி இவ்வாறு எங்கள் கைகளிலேயே தொலைந்தது. பூச்சியும் ஈரமும் செய்ய வேண்டிய வேலையை நாங்களே செய்துவிட்டோம்.

இத்தகைய இழப்பைத் தவிர்க்கும் மென்பொருள்கள் நெடுங்காலமாகவே உள்ளன. ஆயினும், ‘அதற்கு வழங்கியின் நிருவாகி உரிமை வேண்டுமே, கணினி மையம் அதனை நமக்குத் தராதே’ என்னும் எண்ணத்தால் பலர் முயல்வதில்லை. சாதாரணப் பயனர் கணக்கு ஒன்று இருந்தாலே போதும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்குக் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை உரோமன் எழுத்துகளிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும்.

2. பதிப்புக் கட்டுப்பாடு என்பது யாது?

கோப்புத் தொகுதி ஒன்றில் காலந்தோறும் நிகழும் மாற்றங்களை, ‘யார், எப்போது, எதனை, ஏன் மாற்றினார்’ என்னும் குறிப்போடு பேணும் முறையே பதிப்புக் கட்டுப்பாடு எனப்படுகிறது. மாற்றங்களின் இப்பேழையைக் களஞ்சியம் என்றும், அதனுள் சேர்க்கப்படும் ஒவ்வொரு நிலையையும் பதிவு என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

இம்முறையின் வரலாறு 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டு உருவாக்கிய எஸ்சிசிஎஸ் என்னும் மென்பொருளிலிருந்து தொடங்குகிறது. 1980-களில் வால்டர் டிஷி ஆர்சிஎஸ் என்பதை வடிவமைத்தார். அதனை அடியொற்றிச் சிவிஎஸ் தோன்றியது. 2000-இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன், 2004-இல் தன் முதல் முழு வெளியீட்டைக் கண்டது. இவற்றுள் பின்னைய இரண்டும் ஒரு மைய வழங்கியைச் சார்ந்தவை. வரலாறு முழுவதும் அங்கேயே இருக்கும். பயனரிடம் அண்மைப் படி மட்டுமே இருக்கும்.

2005 ஏப்ரலில் லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிட் என்னும் மென்பொருளை எழுதத் தொடங்கினார். இது பரவல் வகையைச் சார்ந்தது. ஒவ்வொருவரின் கணினியிலும் களஞ்சியத்தின் முழு வரலாறும் இருக்கும். இணையத் தொடர்பின்றியே பதிவுகளைச் செய்யலாம். தொடர்பு கிடைக்கும்போது பிறருடன் ஒப்புரவாக்கிக் கொள்ளலாம். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படும் 40 குறியீடுகள் கொண்ட அடையாளம் உண்டு. உள்ளடக்கத்தில் ஓரெழுத்து மாறினும் அடையாளமும் மாறிவிடும். எனவே, யாரும் அறியாமல் ஒரு பழைய பாடத்தை மாற்றிவிடுதல் அரிது. தோட்டப்புறத்தில் களப்பணி செய்யும் மாணவருக்கும், விடுப்பில் ஊருக்குச் செல்லும் ஆசிரியருக்கும் இப்பரவல் முறையே ஏற்றதாகும். ஆதலின் இக்கட்டுரை கிட் என்பதையே எடுத்துக்கொள்கிறது.

3. நிருவாகி உரிமை எங்கே தேவைப்படுகிறது?

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் நிருவாகிக்கு மட்டுமே உரிய செயல்கள் சில உண்டு. புதிய பயனர் கணக்குகளை உருவாக்குதல், அனைவருக்கும் பொதுவான கோப்புறைகளில் மென்பொருளை நிறுவுதல், வழங்கி தொடங்கும்போதே தானாக இயங்கும் சேவைகளை அமைத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. போர்ட் எனப்படும் வாயில் எண்களுள் 1024-க்குக் கீழ்ப்பட்டவற்றில் ஒரு சேவையைத் திறப்பதும் மரபாக நிருவாகிக்கே உரியது. இணையத்தளங்களுக்குரிய 80, 443 ஆகிய வாயில்கள் இவ்வகையின. ஆகவே, இணையத்தள வடிவில் ஒரு களஞ்சியத்தை நாமே நிறுவுவது இயலாததாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் கிட் இயங்குவதற்கு இவற்றுள் எதுவும் கட்டாயமன்று. எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலைத்தொடர்பு முறை, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதன் விளைவாக, 1995-இல் தாது யூலோனென் என்பவரால் உருவாக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களின் பொது வழங்கிகளில் பெரும்பாலும் இச்சேவை 22-ஆம் வாயிலில் ஏற்கெனவே திறந்திருக்கும். கிட் தொலைவிலுள்ள களஞ்சியத்தை அணுகும்போது, எஸ்எஸ்எச் வழியே வழங்கியில் நுழைந்து, நம் கணக்கின் பெயரிலேயே ஒரு சிறு நிரலை அங்கு இயக்குகிறது. கோப்புகளைப் பெறுவதற்கு ‘கிட்-அப்லோட்-பேக்’, அனுப்புவதற்கு ‘கிட்-ரிசீவ்-பேக்’ என்பன அந்நிரல்கள். வேலை முடிந்ததும் நிரல் நின்றுவிடும். இடைவிடாது இயங்கும் சேவை எதுவும் இல்லை. புதிய வாயிலும் இல்லை. நம்முடைய கணக்கில் நாம் செய்யத்தக்க செயல்களின் எல்லைக்குள்ளேயே எல்லாம் நிகழ்கின்றன. இம்முறையின் அடிப்படை இதுவேயாகும்.

4. அமைக்கும் முறை

4.1 திறவிகளை உருவாக்குதல்

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லைத் தட்டுவதற்கு மாற்றாக, இணைத் திறவிகளைப் பயன்படுத்துதல் நன்று. ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ என்னும் கட்டளை இரண்டு கோப்புகளை உருவாக்கும். ஒன்று தனித்திறவி, அது நம் கணினியை விட்டு ஒருபோதும் வெளியேறுதல் கூடாது. மற்றது பொதுத்திறவி, அதனை எவரிடமும் கொடுக்கலாம். தனித்திறவிக்கு ஒரு மறைத்தொடரை இடுதல் வேண்டும். மடிக்கணினி களவு போயினும் திறவி பிறர்க்குப் பயன்படாமலிருக்க இதுவே காப்பு. விண்டோஸ் 10-இல் 2018 முதல் எஸ்எஸ்எச் மென்பொருள் உடன் இடம்பெற்றுள்ளது. கிட் மென்பொருளுக்கும், நிறுவாமலே இயக்கத்தக்க விண்டோஸ் வடிவம் ஒன்று உண்டு. ஆதலின் நிருவாகி உரிமை இல்லாத அலுவலகக் கணினியிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

பொதுத்திறவியின் ஒரே வரியை, வழங்கியில் நம் இல்லக் கோப்புறைக்குள் ‘.எஸ்எஸ்எச்’ என்னும் கோப்புறையிலுள்ள ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ கோப்பில் சேர்க்க வேண்டும். இங்குப் பலர் இடறுகின்றனர். அக்கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600 என அணுகல் உரிமை இருத்தல் வேண்டும். இல்லக் கோப்புறையும் பிறரால் எழுதத்தக்கதாய் இருத்தல் கூடாது. இவற்றுள் ஒன்று பிறரால் எழுதத்தக்கதாய் இருப்பினும், வழங்கி திறவியைப் புறக்கணித்துவிட்டு வழக்கம்போலக் கடவுச்சொல்லைக் கேட்கும். காரணத்தை நமக்குத் தெரிவிக்காது. மேலும், முதன்முறை தொடர்புகொள்ளும்போது வழங்கியின் கைரேகை போன்ற அடையாளம் ஒன்று திரையில் தோன்றும். கணினி மையம் தரும் அடையாளத்துடன் அதனை ஒப்பிட்ட பின்னரே ‘ஆம்’ எனல் வேண்டும்.

4.2 களஞ்சியத்தை அமைத்தல்

வழங்கியில் நுழைந்து, ‘கிட் இனிட் --பேர் கவிதைகள்.கிட்’ என்னும் ஒரே கட்டளையால் களஞ்சியம் உருவாகிவிடும். ‘பேர்’ என்பது ‘வெற்று’ எனப் பொருள்படும். திருத்துவதற்குரிய கோப்புகள் அங்கே பரப்பி வைக்கப்படுவதில்லை. வரலாறு மட்டுமே இருக்கும். பலரும் அனுப்பும் மாற்றங்களைப் பெறும் களஞ்சியம் இவ்வாறு வெற்றாக இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல், ஒருவர் அங்குத் திருத்திக்கொண்டிருக்கும் கோப்புக்கும், மற்றொருவர் அனுப்பும் பதிவுக்கும் முரண்பாடு தோன்றும்.

பின்னர், நம் கணினியில் கோப்புகள் உள்ள கோப்புறையில் ‘கிட் இனிட்’ எனத் தொடங்கி, கோப்புகளைச் சேர்த்து, முதற்பதிவைச் செய்து, தொலைக் களஞ்சியத்தின் முகவரியை ‘ஆரிஜின்’ என்னும் பெயரில் குறித்து, ‘கிட் புஷ்’ என அனுப்பலாம். முகவரி என்பது கணக்குப் பெயர், ‘அட்’ குறி, வழங்கியின் பெயர், முக்காற்புள்ளி, களஞ்சியத்தின் பாதை என இவ்வரிசையில் அமையும். மற்றவர்கள் அதே முகவரியைக் கொண்டு ‘கிட் குளோன்’ செய்து முழுப் படியைப் பெறுவர். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. வழங்கியிலுள்ள களஞ்சியம் தன் முதன்மைக் கிளைக்கு ‘மாஸ்டர்’ எனப் பெயரிட்டிருக்க, நாம் ‘மெயின்’ என்னும் கிளையை அனுப்பினால், படியெடுப்பவருக்கு வெற்றுக் கோப்புறையே கிடைக்கும். கோப்புகள் தொலைந்தன என அஞ்ச வேண்டியதில்லை. வழங்கியில் ‘கிட் சிம்பாலிக்-ரெஃப்’ கட்டளையால் முதன்மைக் கிளையின் பெயரைச் சரிசெய்தால் போதும்.

4.3 வழங்கியில் கிட் இல்லாதவிடத்து

சில பழைய வழங்கிகளில் கிட் நிறுவப்படாமலிருக்கலாம். அதற்கும் வழியுண்டு. கிட் மூல நிரலின் நிறுவல் குறிப்பின்படி, சாதாரணமாக ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்னும் இரு கட்டளைகளை இட்டால், மென்பொருள் பயனரின் இல்லக் கோப்புறையிலுள்ள ‘பின்’ என்னும் பகுதியிலேயே அமரும். பொதுக் கோப்புறையில் நிறுவுவதற்குத்தான் தனியாகச் சொல்ல வேண்டும். நிருவாகி அல்லாதவரையே இயல்பான பயனராகக் கொண்ட ஏற்பாடு இது எனலாம். சி மொழி நிரல்மாற்றியும் சீலிப் என்னும் சுருக்க நூலகமும் வழங்கியில் இருத்தல் வேண்டும். கர்ல், எக்ஸ்பாட் ஆகிய நூலகங்கள் இணையத்தள வழிக்கே தேவைப்படுவதால், எஸ்எஸ்எச் வழிக்கு அவற்றை விலக்கிவிடலாம்.

இவ்வாறு நிறுவிய பின், நேரடியாக நுழைந்து பார்க்கும்போது கிட் நன்கு இயங்கும். ஆனால் தொலைவிலிருந்து படியெடுக்க முயன்றால், ‘கிட்-அப்லோட்-பேக் காணப்படவில்லை’ எனப் பிழை தோன்றும். இதன் காரணம் எளிது. நாம் அமர்ந்து தட்டச்சு செய்யும் அமர்வுக்கும், கிட் நமக்காகத் திறக்கும் அமர்வுக்கும் வேறுபாடு உண்டு. பின்னையதில் உள்நுழைவுக்குரிய அமைப்புக் கோப்புகள் படிக்கப்படுவதில்லை. எனவே நிரல்களைத் தேடும் பாதையில் நம் ‘பின்’ கோப்புறை இடம்பெறுவதில்லை. தீர்வுகள் இரண்டு. ஒன்று, பாஷ் பயன்படுத்துவோர் பாதையைக் கூட்டும் வரியை ‘.பாஷ்ஆர்சி’ கோப்பின் தொடக்கத்திலேயே எழுதுதல். ஊடாட்டமில்லாத அமர்வானால் மேற்கொண்டு படிக்காமல் திரும்பும் வரி அக்கோப்பில் இருப்பின், அதற்கு முன்னரே நம் வரி அமைய வேண்டும். மற்றொன்று, நம் கணினியிலுள்ள கிட் அமைப்பில் ‘அப்லோட்பேக்’, ‘ரிசீவ்பேக்’ ஆகியவற்றுக்கு முழுப்பாதையைத் தருதல். முதற்படியெடுக்கும்போதே ‘--அப்லோட்-பேக்’ என்னும் விருப்பத்தால் இதனைக் குறிக்கலாம். அன்றியும், ‘.பாஷ்ஆர்சி’ கோப்பு திரையில் வாழ்த்துரை எதனையும் அச்சிடுதல் கூடாது. ‘வணக்கம்’ என்னும் ஒரு சொல்கூட கிட் உரையாடலின் இடையே புகுந்து அதனைக் குலைத்துவிடும்.

4.4 பலர் பயன்படுத்துதல்

குழுவினர் அனைவருக்கும் அவ்வழங்கியில் தனித்தனிக் கணக்குகள் இருப்பின், அதுவே சிறந்தது. அவர்கள் ஒரே யூனிக்ஸ் குழுவில் இருந்தால், களஞ்சியத்தை உருவாக்கும்போது ‘--ஷேர்டு=குரூப்’ என்னும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். புதிய கோப்புகளும் குழுவினரால் எழுதத்தக்கனவாக அமையும். களஞ்சியம் இருக்கும் கோப்புறை, அதற்கு மேலுள்ள கோப்புறைகள் ஆகிய அனைத்திலும் குழுவினர் கடந்துசெல்லும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். ஆயினும், இல்லக் கோப்புறையைக் குழுவினர் எழுதும்படி திறந்துவிடலாகாது. அவ்வாறு செய்தால் முன்னர்க் கூறியபடி திறவி செயலிழக்கும். 2022-க்குப் பிந்திய கிட் வெளியீடுகள், வேறொருவருக்கு உரிய களஞ்சியத்தை ஐயுற்று மறுக்கக்கூடும். அந்நிலையில் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் ‘சேஃப்.டைரக்டரி’ என்னும் அமைப்பால் அவ்விடத்தை நம்பத்தக்கதென அறிவித்தல் வேண்டும்.

கணக்கு ஒருவருக்கே உண்டு என்னும் நிலையில், பிறரின் பொதுத்திறவிகளை அவர் தம் ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ கோப்பில் சேர்க்கலாம். ஆனால் வெறுமனே சேர்த்தால் அவர்கள் அக்கணக்கில் எதனையும் செய்ய இயலும். மின்னஞ்சலையும் படிக்கலாம், கோப்புகளையும் அழிக்கலாம். ஆதலின் ஒவ்வொரு திறவி வரியின் முன்னும் ‘கமாண்டு’ என்னும் கட்டுப்பாட்டை எழுதி, ‘கிட்-ஷெல்’ என்னும் நிரலை மட்டும் இயக்கச் செய்தல் வேண்டும். அந்நிரலிடம் பயனர் கேட்ட மூலக் கட்டளையை ஒப்படைக்கும்படியும் அவ்வரி அமைய வேண்டும். கிட்-ஷெல் பெறுதல், அனுப்புதல் ஆகிய கிட் செயல்களைத் தவிர மற்றவற்றை மறுத்துவிடும். 2016-இல் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2 முதல் ‘ரெஸ்டிரிக்ட்’ என்னும் சொல்லையும் சேர்த்து, வாயில் திருப்பம் முதலிய பிற வசதிகளை ஒருங்கே அடைக்கலாம். கிட்-ஷெல் நிரலை முழுப்பாதையுடன் எழுதினால், அதுவே தன் துணை நிரல்களைக் கண்டுகொள்ளும். அப்போது முன்பகுதியில் கூறிய முழுப்பாதை அமைப்பைப் பயனர் நீக்கிவிட வேண்டும்; முழுப்பாதையுடன் வரும் கட்டளையைக் கிட்-ஷெல் ஏற்பதில்லை.

4.5 ஓர் எச்சரிக்கை

இயலும் என்பதனால் மட்டும் ஒன்று தகும் என்று ஆகிவிடாது. பிறர் திறவியை நம் கணக்கில் சேர்ப்பது, ஒருவகையில் கணக்கைப் பகிர்வதாகும். பல்கலைக்கழகங்கள் பல இதனைத் தடைசெய்துள்ளன. எனவே, செய்யப்போவது யாது, யார் யார் நுழைவர், எத்துணைக் காலம் என்பவற்றைக் கணினி மையத்திற்கு எழுத்தில் தெரிவித்து இசைவு பெறுதல் முறையாகும். நிருவாகி உரிமை கேட்பதற்கும், ஏற்கெனவே உள்ள கணக்கில் கட்டுப்பாட்டுடன் ஒரு வசதி கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னைய வேண்டுகோளை மறுப்பதற்குக் காரணம் குறைவு. வளாகத்திற்கு வெளியே 22-ஆம் வாயில் அடைக்கப்பட்டிருப்பின், பல்கலைக்கழகம் வழங்கும் மெய்நிகர்த் தனிப்பிணையத்தின் வழியே செல்ல வேண்டுமேயன்றி, காவலைக் கடக்கும் குறுக்குவழியை நாடலாகாது.

5. தமிழ்க் கோப்புகளுக்குரிய சிக்கல்கள்

மேற்கூறியவை எம்மொழிக்கும் பொதுவானவை. தமிழுக்கே உரிய சில சிக்கல்களையும் இங்குச் சுட்டுதல் தேவையாகிறது.

முதலாவது, குறியாக்கம். 1990-களிலும் 2000-களிலும் தட்டச்சு செய்யப்பட்ட நம் கோப்புகள் பல, தஸ்கி, தாம், தாப் எனப் பல குறியாக்கங்களில் உள்ளன. இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் பணியை ஒரு தனிப் பதிவாகச் செய்தல் வேண்டும். மாற்றத்தையும் திருத்தத்தையும் ஒரே பதிவில் கலந்தால், ஒவ்வொரு வரியும் மாறியதாகவே தோன்றும். உண்மையான திருத்தம் எது என்பது புலப்படாது.

இரண்டாவது, ஒருங்குறிக்குள்ளேயே உள்ள இருமை. ‘கொ’ என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கிட் நோக்கில் வேறு. அவ்வாறே ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருப்பதையும் காணலாம். இதன் விளைவாக, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளைக் கிட் பட்டியலிடும். உயிர்க்குறி இருமையைப் போக்க, ஒருங்குறி இயல்பாக்கம் என்னும் செயலால் எல்லாக் கோப்புகளையும் தொடக்கத்திலேயே ஒரே வடிவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். ஔகாரப் பிழையோ இயல்பாக்கத்தால் நீங்குவதன்று; அதனைத் தேடித் திருத்துவதே வழி.

மூன்றாவது, கோப்புப் பெயர்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகளைக் கிட் எண்கோவைகளாகக் காட்டுவதுண்டு. ‘கோர்.கோட்பாத்’ என்னும் அமைப்பை அணைத்தால் பெயர்கள் தமிழிலேயே தோன்றும்.

நான்காவது, வரி. கிட் இயல்பாக வரிவரியாகவே ஒப்பிடுகிறது. செய்யுளுக்கு இது மிகவும் ஏற்றது. அடிதோறும் வேறுபாடு தெளிவாகும். உரைநடையில் ஒரு பத்தியே ஒரு வரியாக இருப்பின், ஒரு சொல் மாறினும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டப்படும். வாக்கியத்திற்கு ஒரு வரி என அமைத்துக்கொண்டாலோ, ‘--வேர்ட்-டிஃப்’ விருப்பத்தைப் பயன்படுத்தினாலோ இக்குறை நீங்கும். வேர்ட் கோப்புகள் உண்மையில் சுருக்கிக் கட்டப்பட்ட பொதிகள்; அவற்றின் உள்ளே கிட் நேரடியாக ஒப்பிட இயலாது. ஆகவே ஆய்வுக்குரிய மூல பாடத்தை எளிய உரைக் கோப்பாகவே வைத்துக்கொள்ளுதல் சாலச் சிறந்தது.

6. பேணலும் பொறுப்பும்

மாணவரின் படிப்பு முடிந்ததும், ஒப்பந்த ஆய்வாளரின் காலம் முடிந்ததும் அவர்தம் கணக்கு மூடப்படுவது வழக்கம். கணக்கோடு களஞ்சியமும் மறையும். இங்குத்தான் பரவல் முறையின் பயன் தெளிவாகிறது. குழுவிலுள்ள ஒருவரின் கணினியில் அண்மைப் படி இருந்தால் போதும். புதிய கணக்கில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை அமைத்து, முழு வரலாற்றையும் அங்கு அனுப்பிவிடலாம். ஆயினும் இதனைத் தற்செயலுக்கு விடாமல், திங்கள்தோறும் ஒருவர் முழுப் படியெடுத்து வேறிடத்தில் வைப்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

வரலாற்றை எவரும் மாற்றியமைக்காதிருக்க, களஞ்சியத்தில் ‘டினை-நான்-ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்ஸ்’, ‘டினை-டிலீட்ஸ்’ ஆகிய இரு தடைகளை இடலாம். குழுப் பகிர்வுடன் உருவாக்கிய களஞ்சியத்தில் முதலாவது தடை இயல்பாகவே இருக்கும். பதிவுக் குறிப்பு எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதுவது பயனற்றது. ‘மூல இதழை நேரிற்கண்டு, மூன்றாம் அடியின் இறுதிச்சீர் திருத்தப்பட்டது’ என எழுதினால், அதுவே பதிப்புக் குறிப்பாகவும் ஆகிவிடும்.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். களஞ்சியம் எதனையும் மறப்பதில்லை. களப்பணியில் தகவல் தந்தோரின் பெயர், முகவரி போன்றவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால், பின்னர்க் கோப்பை நீக்கினாலும் வரலாற்றில் அவை நிலைத்திருக்கும். அவற்றைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். ஒலிப்பதிவுகளும் வருடிய படிமங்களும் பேரளவின. ஒவ்வொரு மாற்றத்திலும் களஞ்சியத்தைப் பெருக்கிக் கணக்கின் இட ஒதுக்கீட்டை விழுங்கிவிடும். அவற்றுக்கு வேறு சேமிப்பிடமே ஏற்றது.

7. நிறைவுரை

சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றும், திறந்திருக்கும் எஸ்எஸ்எச் வழியும், கணினி மையத்தின் இசைவும் இருப்பின், தமிழாய்வுக் குழு ஒன்று தன் பாடங்களின் முழு வரலாற்றையும் பேண இயலும் என்பதை இக்கட்டுரை விளக்கிற்று. திறவி அமைத்தல், வெற்றுக் களஞ்சியம் உருவாக்குதல், பாதையைச் சரிசெய்தல், நுழைவைக் கட்டுப்படுத்தல் என்னும் நான்கு படிகளே இதற்குரியன. தேர்வுத்தாள், பயிற்றுப் பாடம், கலைச்சொற் பட்டியல் எனப் பலர் சேர்ந்து உருவாக்கும் ஆசிரியர் பணிகளுக்கும் இம்முறை பொருந்தும்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அதனையொத்த பழைய இதழ்களின் தாள்கள் ஆண்டுதோறும் நைந்துவருகின்றன. இவற்றைப் படிக்கும் வாய்ப்பு நமக்குப் பின்வருவோருக்கு இருக்கும் எனச் சொல்ல இயலாது. ஒருவர் ஒருமுறை கண்டு எழுதிய பாடமே பல இடங்களில் எஞ்சும் ஒரே சான்றாக அமையக்கூடும். எங்கள் குழு இழந்த அந்த ஓரடி இனிக் கிடைக்கப்போவதில்லை. மூல இதழைக் கண்டவரின் திருத்தம் ஒரே ஒரு பதிவாக எங்கேனும் இருந்திருந்தால், அதனை மீட்கச் சில நொடிகள் போதுமானவையாக இருந்திருக்கும். அவ்வடி இருந்த இடத்தில், இப்போது எங்கள் தொகுப்பில் புள்ளிகளே இடப்பட்டுள்ளன.